ஏ+ என்பது இரண்டாவது படியா, ஐந்தாவது படியா? காப்பீட்டு நிறுவனங்களின் நிதிவலிமை ரேட்டிங்

#1 வெள்ளைத்தாள்

வணக்கம். அடுத்த மாதம் பணி ஓய்வு. கைக்கு வரும் தொகையில் பாதிக்கு மேல் ஆன்யுட்டியில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஒருமுறை கட்டிவிட்டால் நானும், எனக்குப் பின் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் வரும். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. தூக்கம் வராமல் புரள்வதற்கு அதுதான் காரணம்.

மூன்று நிறுவனங்களின் கையேடுகள் மேசையில் கிடக்கின்றன. முதலாவதன் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் "நிதிவலிமை ரேட்டிங்: ஏ+". இரண்டாவதில் "ஏஏ-". மூன்றாவதில் "பி++". பள்ளிக்கூட மார்க் கணக்கில் பார்த்தால் ஏ+ முதலிடம், பி++ கடைசி. அந்த ஏஏ- எங்கே உட்கார்கிறது என்றுதான் தெரியவில்லை. மைனஸ் இருப்பதால் அது குறைவு என்கிறார் ஏஜென்ட். அவர் விற்பது முதலாவதை. மாதத்தொகையும் அதில்தான் அதிகம்.

இதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

#2 நாலும்தெரிந்தவன்

ரேட்டிங் எல்லாம் எதற்கு சார்? க்ளைம் செட்டில்மென்ட் விகிதத்தைப் பாருங்கள். 98க்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

#3 மறுகாப்பீட்டுக்காரன்

வெள்ளைத்தாள் சார், முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில், யார் கொடுத்தது என்று பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஏ+ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

நான் மறுகாப்பீட்டில் இருபது சொச்சம் வருடம் குப்பை கொட்டியவன். காப்பீட்டு நிறுவனங்களே தங்கள் சுமையில் ஒரு பங்கை இன்னொரு நிறுவனத்தின் தலையில் ஏற்றிவைக்கும் தொழில் அது. அங்கே ரேட்டிங் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அந்த இடத்துக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு, நீங்கள் இப்போது செய்ததுதான்: வேறு வேறு ஏணியில் இருக்கும் படிகளைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பது.

ஏ.எம். பெஸ்ட் என்று ஓர் அமெரிக்க ரேட்டிங் நிறுவனம். 1899இல் தொடங்கியது. காப்பீட்டுத் துறைதான் அவர்களுக்கு முழுநேரப் பிழைப்பு. 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் தீயும் வந்த பிறகு எந்த நிறுவனம் ஒழுங்காகப் பணம் கொடுத்தது, எது இழுத்தடித்தது என்று விசாரித்து அறிக்கை போட்டவர்கள். அவர்கள் ஏணியில் உச்சிப்படி ஏ++. அப்புறம் ஏ+, ஏ, ஏ-, பி++, பி+ என்று இறங்கும். ஆக, பெஸ்டின் ஏ+ மேலிருந்து இரண்டாவது.

எஸ் அண்ட் பி, ஃபிட்ச் என்ற ரேட்டிங் நிறுவனங்கள் இரண்டுக்கும் வேறு ஏணி. அங்கே உச்சி ஏஏஏ. பிறகு ஏஏ+, ஏஏ, ஏஏ-. அதற்கும் கீழேதான் ஏ+ வரும். எண்ணிப் பாருங்கள், ஐந்தாவது படி. மூடீஸ் என்ற இன்னொரு ரேட்டிங் நிறுவனம் பிளஸ் மைனஸ் போடாமல் 1, 2, 3 என்று எழுதும். அவர்களுடைய ஏ1தான் மற்றவர்களின் ஏ+.

பி எழுத்தில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். பெஸ்டிடம் பி+ என்றால் ஆறாவது படி, அவர்கள் அகராதியில் அதற்கு "நல்லது" என்று பொருள். அதே பி+ எஸ் அண்ட் பியிடம் பதினான்காவது படி. அவர்களிடம் பிபிபி மைனஸுக்குக் கீழே போனாலே பாதுகாப்பான வட்டத்தை விட்டு வெளியே வந்தாயிற்று. பி+ அதற்கும் நாலு படி தள்ளி.

உங்கள் மூன்றாவது கையேட்டில் இரட்டைப் பிளஸ் இருப்பதால் அது பெஸ்டுடையதாகத்தான் இருக்கும், பெரிய நிறுவனங்களில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அது ஐந்தாவது படி. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தொழிலில் பெஸ்டின் ஏ மைனஸ்தான் கோடு. மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களில், எதிர்த்தரப்பு ஏ மைனஸுக்குக் கீழே இறங்கினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்தே எழுதிவைப்பார்கள். பி++ அந்தக் கோட்டுக்கு ஒரு படி கீழே.

உங்கள் ஏஏ- எஸ் அண்ட் பியுடையதோ ஃபிட்சுடையதோ என்றால் நான்காவது படி. முதல் கையேட்டில் இருப்பதும் அவர்களுடைய ஏ+ஆக இருந்தால், ஏஜென்ட் சொன்னது தலைகீழ்.

#4 வெள்ளைத்தாள்

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டாவது கையேட்டில் எஸ் அண்ட் பி என்று இருக்கிறது. மூன்றாவதில் நீங்கள் சொன்னதுபோல பெஸ்ட். முதலாவதில், அதாவது ஏஜென்ட் சிபாரிசு செய்யும் கையேட்டில், பெயரே இல்லை. வெறும் "ஏ+", பக்கத்தில் ஒரு கேடயம் படம்.

#5 அந்திமந்தாரை

கேடயம் யார் வேண்டுமானாலும் வரையலாம் :)

#6 மறுகாப்பீட்டுக்காரன்

நாலும்தெரிந்தவனுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். க்ளைம் விகிதம் என்பது போன வருடம் வந்த கோரிக்கைகளில் எத்தனைக்குப் பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கு. நிதிவலிமை ரேட்டிங், இன்னும் பல வருடம் கழித்து வரப்போகும் கோரிக்கைகளுக்குக் கையில் பணம் இருக்குமா என்ற கணிப்பு. உள்ளே கரையான் அரிக்கும் நிறுவனம்கூட இன்றைக்கு 99 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். உச்சி ரேட்டிங் வைத்திருக்கும் நிறுவனம் உங்களை நாற்பது தடவை போன் போட வைக்கலாம். சேவை எப்படி, எவ்வளவு சீக்கிரம் கொடுப்பார்கள், பாலிசி வார்த்தைகளை எப்படி வளைப்பார்கள் என்பதெல்லாம் ரேட்டிங்கில் வராது. முடியுமா என்பதை மட்டும்தான் அது பார்க்கும், மனசு வருமா என்பதைப் பார்க்காது.

#7 கசப்புமருந்து

எல்லாரும் ஏணிப்படி எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஏணியை யார் காசில் செய்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? ரேட்டிங் வாங்கும் நிறுவனம்தான் ரேட்டிங் கொடுப்பவருக்குக் கட்டணம் கட்டுகிறது. மாணவன் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வாத்தியார் போடும் மார்க் அது.

2008இல் நடந்ததை மறந்துவிட்டீர்களா? கடன் பத்திரங்களுக்குக் காப்பீடு கொடுத்த ஆம்பாக், எம்பிஐஏ இரண்டும் ஏஏஏ வைத்திருந்தவை. வீட்டுக்கடன் பத்திரங்கள் சரிந்ததும் அந்த ஏஏஏ போன இடம் தெரியவில்லை. அமெரிக்கக் காப்பீட்டுக் குழுமமான ஏஐஜி, செப்டம்பர் 15ஆம் தேதி எஸ் அண்ட் பியிடம் ஏஏ மைனஸிலிருந்து ஏ மைனஸுக்கு ஒரே நாளில் மூன்று படி இறங்கியது. மறுநாள் அமெரிக்க மத்திய வங்கி 85 பில்லியன் டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

ஆன்யுட்டிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை வேண்டுமா? கலிபோர்னியாவின் எக்சிகியூட்டிவ் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம். அதிக வட்டி தரும், ஆனால் பணம் திரும்பி வருவது நிச்சயமில்லாத ஜங்க் பாண்டுகளை வாங்கிக் குவித்து, அந்த வட்டியைக் காட்டி ஊரில் யாரும் தராத மாதத்தொகை தந்தது. பெஸ்ட் அதற்கு ஏ+ கொடுத்திருந்தது. அப்போது ஏ++ என்ற படியே கிடையாது, ஏ+தான் உச்சி. 1991 ஏப்ரலில் அரசு கையில் எடுத்தது. ஆன்யுட்டி வாங்கியிருந்தவர்களுக்குச் சில காலம் மாதத்தொகையில் 70 சதவீதம்தான் வந்தது. வெள்ளைத்தாள் சார், "மாதத்தொகையும் அதில்தான் அதிகம்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

#8 மறுகாப்பீட்டுக்காரன்

கசப்புமருந்து, எக்சிகியூட்டிவ் லைஃப் விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. மற்ற எல்லாரையும்விட ஒருவர் மட்டும் அதிகம் தருகிறார் என்றால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும். கட்டணம் பற்றிச் சொன்னதும் உண்மைதான்.

ஆனால் ஏஐஜியை இங்கே கொண்டுவந்தது பொருந்தவில்லை. அங்கே சரிந்தது தாய் நிறுவனம். நிதிச் சந்தைப் பிரிவு ஒன்று, வீட்டுக்கடன் பத்திரங்கள் மூழ்கினால் நான் ஈடுகட்டுகிறேன் என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்திருந்தது. ரேட்டிங் இறங்கினால் பிணை கூடுதலாக வைக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தங்களில் இருந்த நிபந்தனை. அதனால் ரேட்டிங் குறைந்ததே நெருப்பில் எண்ணெயாகிவிட்டது. பாலிசி விற்ற துணை நிறுவனங்கள் தனித்தனிச் சட்ட உருவங்கள், தனி ரேட்டிங், தனிக் கையிருப்பு. ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இல்லாமல் தாய் நிறுவனம் அதைத் தொட்டுவிட முடியாது. பாலிசிக்காரர்களுக்குப் பணம் நிற்கவில்லை.

ஒரே குழுமத்தில் தாய் நிறுவனத்தின் கடன் ரேட்டிங் பொதுவாகப் பாலிசி எழுதும் நிறுவனத்தின் நிதிவலிமை ரேட்டிங்கைவிட இரண்டு மூன்று படி கீழே இருப்பதும் இதனால்தான். முதலில் பாலிசிதாரர், அப்புறம்தான் கடன் கொடுத்தவர்.

#9 கசப்புமருந்து

"துணை நிறுவனங்கள் பத்திரமாக இருந்தன" என்று ஒரே வரியில் தாண்டிப் போகாதீர்கள். ஏஐஜியின் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தங்களிடம் இருந்த பத்திரங்களை வெளியே கடனாகக் கொடுத்து, அதற்குப் பிணையாக வந்த பணத்தை அதே வீட்டுக்கடன் பத்திரங்களில் போட்டிருந்தன. அதில் பல பில்லியன் நட்டம். அந்த ஓட்டையை அடைத்ததும் அதே மத்திய வங்கிப் பணம்தான். சுவர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சுவரில் விரிசலும் இருந்தது.

#10 மறுகாப்பீட்டுக்காரன்

சரி, அது நியாயம். நான் அதை விட்டுவிட்டேன்.

#11 அந்திமந்தாரை

பெரிய பெரிய கதைகளுக்கு நடுவில் என் சின்னக் கதையையும் சொல்கிறேன்.

பதினைந்து வருட எண்டோமென்ட் பாலிசி ஒன்று போட்டிருந்தேன். பாதி வழியில், ரேட்டிங்கை ஒரு படி இறக்கினார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த வருடம் இன்னொரு படி. அப்புறம் அந்த நிறுவனம் புதிய பாலிசி விற்பதையே நிறுத்திக்கொண்டது, கொஞ்ச நாளில் ரேட்டிங்கும் காணாமல் போயிற்று. பயந்துபோய்ச் சரண்டர் செய்யக் கிளம்பினேன். சரண்டர் தொகையைப் பார்த்ததும் தலை சுற்றியது, கட்டியதில் பெரும் பங்கு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

முதிர்வுத் தேதியில் உறுதியளித்த தொகை வந்தது. ஒரு பைசா குறையவில்லை. ஆனால் போனஸ் என்று ஆரம்பத்தில் காட்டிய படத்தில் கால்வாசிகூட வரவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணை வேறு ஏதோ நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். பெயர்த் திருத்தம் ஒன்றுக்கு எட்டு மாதம் அலைந்தேன்.

ரேட்டிங் இறங்கினால் உடனே ஓடிவிட வேண்டுமா என்றுதான் இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

#12 எண்கணிதம்

அக்கா, உங்கள் நிறுவனம் போனது "ரன்-ஆஃப்" என்ற நிலைக்கு. கடையைச் சாத்திவிட்டு, இருக்கும் பற்றுவரவை மட்டும் தீர்த்துக்கொண்டிருப்பது. திவால் வேறு, இது வேறு. பிரிட்டனில் 1762இல் தொடங்கிய ஈக்விடபிள் லைஃப் இப்படித்தான் 2000 டிசம்பரில் புதிய வணிகத்தை நிறுத்தியது. பழைய பாலிசிகளில், ஓய்வுபெறும்போது இந்த விகிதத்தில் ஆன்யுட்டி தருவோம் என்று தாராளமாக உத்தரவாதம் எழுதிக்கொடுத்திருந்தார்கள். வட்டி விழுந்து, மக்கள் ஆயுளும் கூடியதும் அது கழுத்தை நெரித்தது. உத்தரவாதம் உள்ளவர்களுக்குப் போனஸைக் குறைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். செல்லாது என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. மறுவருடம் ஜூலையில் ஓய்வூதியப் பாலிசிகளின் மதிப்பை 16 சதவீதம் வெட்டினார்கள்.

நான் ஆக்சுவரி, காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆபத்துக் கணக்குப் போடுபவன். இந்த ரேட்டிங்குக்கான கணக்கு கேட்டு வருபவர்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னவன். ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் மூலதனம். பெஸ்டிடம் பிகார் (BCAR) என்று ஒரு கணக்கு மாதிரி இருக்கிறது. சந்தை சரிந்தால், புயல் அடித்தால், க்ளைம் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் எவ்வளவு போகும், போனபின் எவ்வளவு மிஞ்சும் என்று 95 சதவீதத்திலிருந்து 99.6 சதவீதம் வரை நம்பக நிலைகளில், அதாவது மேலும் மேலும் அரிதான அடிகளை வைத்து, பார்ப்பார்கள். பலரும் ரேட்டிங் என்றால் இதுதான் என்று நினைக்கிறார்கள். எங்களைப் பிழிந்தெடுத்தது இது இல்லை. இது கணினி போடும் கணக்கு.

பிழிந்தது கையிருப்புக் கேள்விகள்தான். இன்னும் வராத க்ளைமுக்கு இன்றைக்கு ஒரு தொகையை ஒதுக்கிவைக்கிறோம். அது மதிப்பீடு. குறைவாக ஒதுக்கினால் இந்த வருட லாபம் அழகாகத் தெரியும், மூலதனமும் கொழுத்துத் தெரியும். ஆஸ்திரேலியாவில் எச்ஐஎச் என்ற காப்பீட்டு நிறுவனம் அப்படித்தான் போயிற்று. பல வருடம் கையிருப்பைக் குறைத்து வைத்து, 2001 மார்ச்சில் விழுந்தபோது பற்றாக்குறை 5.3 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். எனவே ரேட்டிங் ஆய்வாளர் பத்து வருடம் முன்பு ஒதுக்கியதை எடுத்துவைத்து, அது கடைசியில் போதுமானதாக இருந்ததா என்று ஒவ்வொரு வருடமாகக் கேட்பார். வியர்த்துவிடும்.

ஆயுள், ஆன்யுட்டி நிறுவனங்களில் கேள்வி வேறு. நீங்கள் வாக்குக் கொடுத்த வட்டி என்ன, கையில் இருக்கும் பத்திரங்கள் ஈட்டுவது என்ன? ஜப்பானில் 1997இல் நிசான் மியூச்சுவல் லைஃப் தொடங்கி 2001 வரை ஏழு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் விழுந்தன. நல்ல காலத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வாக்குக் கொடுத்திருந்தார்கள், பின்னால் வட்டி தரையைத் தொட்டுவிட்டது. விழுந்த நிறுவனங்களின் பாலிசிகளில் வாக்குக் கொடுத்த விகிதத்தையே குறைத்தார்கள்.

லாபம் நிலையாக வருகிறதா, ஒரே ஊர், ஒரே பொருள் என்று எல்லாம் ஒரே கூடையில் இருக்கிறதா, ஆபத்தைக் கண்காணிக்க உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதையும் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு குழு வாக்கெடுத்து எழுத்தை முடிவு செய்யும். நம்மோடு உட்கார்ந்து பேசிய ஆய்வாளர் மட்டும் தனியாக முடிவெடுக்க முடியாது.

அக்காவின் கேள்விக்கு: ஓராண்டு வாகனப் பாலிசி என்றால் அடுத்த புதுப்பிப்பில் மாறிக்கொள்ளுங்கள், தலை போகாது. நீண்டகாலப் பாலிசியில் ஒரு படி இறக்கத்துக்குச் சரண்டர் செய்வது பல நேரங்களில் நிச்சய நட்டத்தைக் கொடுத்து நிச்சயமில்லாத பயத்தை வாங்குவது. எல்லாரும் சேர்ந்து ஓடினால் அதுவே நிறுவனத்தைக் கவிழ்க்கும், நியூ ஜெர்சியின் மியூச்சுவல் பெனிஃபிட் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1991இல் அப்படி ஓடியவர்களைத் தாங்க முடியாமல்தான் அரசிடம் சரணடைந்தது. ஆனால் வெள்ளைத்தாள் சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு எந்தச் செலவும் இல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு இருக்காது.

#13 நாலும்தெரிந்தவன்

அப்போ சால்வென்சி விகிதம், அதாவது விதி கேட்கும் மூலதனத்தோடு ஒப்பிட்டால் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது, அதைப் பார்த்தால் போதாதா? அரசாங்கம் கேட்கும் கணக்குதானே, காசு வாங்கிக்கொண்டு போடுவது இல்லையே.

#14 எண்கணிதம்

இந்த முறை நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள் சார். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதிலும் அதே ஏணிச் சிக்கல் உண்டு. இந்தியாவில் குறைந்தபட்சம் 150 சதவீதம். ஐரோப்பாவில் 2016 முதல் நடைமுறையில் உள்ள சால்வென்சி 2 விதியில் 100 சதவீதம்தான் கோடு, ஆனால் அந்த நூறே இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அடியைத் தாங்கும் அளவுக்குக் கணக்கிட்டது. அமெரிக்காவில் 200க்குக் கீழே போனால் சரிசெய்யத் திட்டம் கொடு என்று கேட்பார்கள். இந்த நாட்டு 180, அந்த நாட்டு 180 இரண்டும் ஒன்றில்லை. ஒரே நாட்டுக்குள் நாலைந்து வருடம் வரிசையாக எழுதிப் பாருங்கள். 230, 210, 185, 160 என்று இறங்கினால் அந்த 160 "விதிக்கு மேல்தானே" என்று ஆறுதல் அடையாதீர்கள்.

#15 கட்டுப்பாட்டாளர்

போன் எண்ணோடு "என்னிடம் ஏஏஏ நிறுவன பாலிசி இருக்கிறது" என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும்.

#16 வெள்ளைத்தாள்

ஒரு வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். ஏஜென்டைப் பிடித்து, ஏ+ கொடுத்தது யார், எப்போது, யாருக்கு என்று எழுத்தில் கேட்டேன். மூன்று நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினார். நான் அந்த ரேட்டிங் நிறுவனத்தின் தளத்திலேயே போய்ப் பதிவு செய்து தேடினேன். தேடிப் பார்க்கக் காசு இல்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

கிடைத்தது இது. ஏ+ உண்மை. கொடுத்தது எஸ் அண்ட் பி, ஆக ஐந்தாவது படி. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு எழுத்து மாறவில்லை, ஆனால் அவுட்லுக், அதாவது ரேட்டிங் இனி எந்தப் பக்கம் போகலாம் என்ற கணிப்பு, "நிலையானது" என்பதிலிருந்து "எதிர்மறை" ஆகியிருக்கிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த ரேட்டிங் வேறொரு நாட்டில் இருக்கும் தாய் நிறுவனத்துக்கு. என் பாலிசியில் அச்சாகப்போகும் பெயர் அதன் துணை நிறுவனம். அந்தப் பெயரைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை.

ஏஜென்டிடம் சொன்னேன். "எல்லாம் ஒரே குடும்பம்தான் சார்" என்றார்.

#17 கசப்புமருந்து

ஒரே குடும்பம்தான். அண்ணன் கடனுக்குத் தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறானா என்று கேளுங்கள்.

#18 மறுகாப்பீட்டுக்காரன்

முரட்டுத்தனமாகச் சொன்னாலும் கேள்வி அதுதான். தாய் நிறுவனம் துணை நிறுவனத்தின் பாலிசிகளுக்குச் சட்டப்படி உத்தரவாதம் கொடுத்திருக்கிறதா? கொடுத்திருந்தால் அந்தக் காகிதம் இருக்கும். அரசே சட்டத்தில் எழுதிக்கொடுத்ததும் உண்டு, இந்தியாவில் எல்ஐசி சட்டம் 1956, பிரிவு 37 அப்படிப்பட்டது. உத்தரவாதம் இல்லாமல் வெறும் "ஆதரவு எதிர்பார்ப்பு" இருந்தால், ரேட்டிங் கொடுப்பவர்கள் அதற்கும் ஒன்றிரண்டு படி கூட்டிப் போடுவார்கள்தான். ஆனால் அதற்கு முதலில் துணை நிறுவனத்துக்கு என்று ஒரு ரேட்டிங் இருக்க வேண்டும்.

ரேட்டிங் இல்லை என்பதாலேயே மோசம் என்று ஆகிவிடாது. சின்ன நிறுவனங்கள் செலவு பார்த்துக் கேட்காமல் இருக்கும். கேட்டு, வந்த எழுத்து பிடிக்காமல் விலகிக்கொள்வதும் நடக்கும். எது என்று வெளியில் இருந்து தெரியாது. முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனால் மட்டும் நான் உஷாராவேன்.

எதிர்மறை அவுட்லுக் என்றால் அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் இறங்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று அர்த்தம், இறங்கியே தீரும் என்று இல்லை. "பரிசீலனையில்" என்று போட்டால்தான் கத்தி கழுத்தருகில் இருக்கிறது.

#19 அந்திமந்தாரை

நிறுவனம் விழுந்தால் காப்பாற்ற நிதி ஏதாவது இருக்குமே? வங்கி டெபாசிட்டுக்கு இருப்பதுபோல.

#20 எண்கணிதம்

நாட்டுக்கு நாடு மாறும் அக்கா. பிரிட்டனில் ஆன்யுட்டிக்கு முழுவதுமே காப்பு உண்டு. கனடாவில் அசூரிஸ் என்ற அமைப்பு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உத்தரவாத சங்கம், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தனி ஏற்பாடு. பெரும்பாலும் ஒரு நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இருக்கும். சில நாடுகளில் ஒன்றுமே இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் அந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லி ஏஜென்ட் பாலிசி விற்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அவர் சொல்ல மாட்டார், நீங்களே தேட வேண்டும்.

வெள்ளைத்தாள் சார், அந்த வரம்பைப் பார்த்துவிட்டு இரண்டு நிறுவனங்களாகப் பிரித்துப் போட முடியுமா என்று யோசியுங்கள்.

#21 கசப்புமருந்து

நானும் அதைத்தான் செய்தேன். ரேட்டிங்கை இவ்வளவு திட்டிவிட்டு, இரண்டையும் ரேட்டிங் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வேறு ரேட்டிங் நிறுவனங்கள், ஒரே மாதிரி கருத்து. ஒருவர் மட்டும் தூக்கிக் கொடுத்து மற்றவர் தாழ்த்தியிருந்தால், தாழ்ந்ததைத்தான் நம்புவேன்.

#22 வெள்ளைத்தாள்

கடைசித் தகவல். முதல் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் போட்டேன். நேர்மையாகப் பதில் வந்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்: தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் எதுவும் இல்லை. அதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது கையேட்டின் ஏஏ- பாலிசியில் அச்சாகும் பெயருக்கே உரியது, போன மாதம்தான் உறுதிசெய்திருக்கிறார்கள், அவுட்லுக் நிலையானது. தொகையில் பெரிய பங்கு அங்கே. மீதியை, பெஸ்டிடம் ஏ வைத்திருக்கும் இன்னொன்றில் போட்டேன், அதுவும் தன் பெயரிலேயே. பி++ நிறுவனத்தைப் பற்றி யோசித்தேன், மூன்று வருட சால்வென்சி இறங்குமுகமாக இருந்ததால் வேண்டாம் என்று விட்டேன். மாதத்தொகை ஏஜென்ட் சொன்னதைவிடக் குறைவுதான். மனைவி காரணம் கேட்டாள். இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். பாதியில் தூங்கிவிட்டாள். எனக்கும் இப்போது தூக்கம் வருகிறது.

#23 நாலும்தெரிந்தவன்

எல்லாம் சரி சார், அந்த இரண்டு நிறுவனத்துக்கும் க்ளைம் விகிதம் எவ்வளவு?

#24 வெள்ளைத்தாள்

ஆன்யுட்டி சார் இது. நான் உயிரோடு இருப்பதுதான் க்ளைம்.